ஈக்குத் தெரியும் உன் டியூப்லைட்டு லட்சணம்

மாப்ளே, ஒத்தக்கடையில நீ போட்ட புரோட்டாக் கடை நல்லா ஓடுதுன்னு உங்கம்மா போன்ல சொன்னுச்சு. சந்தோசம். கூடவே இன்னொண்ணும் சொன்னுச்சு. கல்லாவுல உக்கார வேண்டிய நேரத்துல கையில கரண்டு பேட்டை வச்சுக்கிட்டு நீ கடை பூராவும் ஈயை வெரட்டுறியாம். சாப்புட வந்தவய்ங்க சால்னாவை மறந்துட்டு உன் ஆட்டத்தைப் பாக்குறாய்ங்களாம். சர்க்கஸுன்னா டிக்கெட்டு போட்டு நடத்துடா. சும்மா காட்டுனா நட்டம்.

உங்க மாமன் படிச்சவன் இல்ல. ஒரு காலேஜு பூச்சி லேப்புல கண்ணாடிக் குழாய் கழுவி ரிட்டயர் ஆனவன். ஆனா ஒண்ணு, வாத்தியாரு பாடம் நடத்துறப்ப பெஞ்சுல உக்காந்தவனை விட கதவோரம் நிக்கிற அட்டெண்டருக்குத்தான் காது நல்லாக் கேக்கும். பரீட்சை பயம் இல்ல பாரு. அந்தத் தெம்புல சொல்றேன். ஈயை அடிக்கக் கை ஓங்குறதுக்கு முந்தி அதோட கண்ணைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்க. எதிராளி யாருன்னு தெரியாம கோதாவுல எறங்குனவன் எவனும் மாலையோட வீட்டுக்கு வந்ததில்ல.

ஈக்கு ஒவ்வொரு கண்ணுலயும் மூவாயிரம் வாக்குல குட்டிக் குட்டி லென்ஸு இருக்கு. தேனீக்கு ஐயாயிரம் வாக்குல. கம்மாக்கரையில பறக்குதே தட்டான், அதுல பெரிய சாதிக்கு முப்பதாயிரம் வரைக்கும் போகும். "அப்ப நான் ஓங்குற பேட்டு அதுக்கு மூவாயிரம் பேட்டாத் தெரியுமா மாமா?" ன்னு நீ கேப்ப. 2012-ல 'நான் ஈ' படத்தைத் திரும்பத் திரும்பப் பாத்தவன்ல, கேக்கத்தான் செய்வ. அப்படி நெனைச்சது நீ மட்டும் இல்ல. ஹாலந்துல லேவன்ஹூக்குன்னு ஒரு துணி யாவாரி, முந்நூறு வருசத்துக்கு முந்தி, பூச்சிக் கண்ணோட மேல்தோலை உரிச்சு வச்சு அதுக்கு அங்கிட்டு மெழுகுவத்தியை ஏத்திப் பாத்தாரு. குட்டிக் குட்டிச் சுடரா, அத்தனையும் தலைகீழா, கூட்டமாத் தெரிஞ்சுச்சு. ஊரே நம்பிருச்சு, ஈ ஒண்ணை ஆயிரமாப் பாக்குதுன்னு.

ஆனா அவரு பாத்தது தோலு வழியா. ஈ பாக்குறது அந்தத் தோலுக்கு அடியில இருக்க கண்ணு பூராத்தையும் வச்சு. 1826-ல ஜெர்மனியில யோகான்னஸ் முல்லர்னு ஒருத்தர் சரியான கணக்கைச் சொன்னாரு. ஒவ்வொரு லென்ஸும் ஒரே ஒரு திசையை மட்டும் பாக்கும். அந்தத் திசையில வெளிச்சம் எவ்வளவுன்னு மட்டும் உள்ள சொல்லும். ஓட்டு எண்ணுறப்ப பூத்துக்கு ஒரு ஏஜெண்டு உக்காந்திருப்பான்ல? அவனுக்கு அவன் பூத்துக் கணக்கைத் தவிர ஒரு எழவும் தெரியாது. எல்லாத்தையும் கூட்டி ஜெயிச்சது யாருன்னு சொல்றது கட்சி ஆபீசு. ஈயோட மூளைதான் அந்த ஆபீசு. மூவாயிரம் படம் கிடையாது, மூவாயிரம் புள்ளியில ஒரே படம்.

அதுவும் ரொம்ப மட்டமான படம். உன் போன் கேமராவுல கோடிக் கணக்குல புள்ளி இருக்கு, இதுக்கு மூவாயிரம். நம்ம மதுரை கண்ணுக்குப் பேர் போன ஊரு. டாக்டர் வெங்கடசாமி 1976-ல பதினோரு படுக்கையோட ஆரம்பிச்ச அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு ஒலகமே வந்து போகுது. அங்க ஒரு ஈயைக் கூட்டிட்டுப் போயி, எழுத்துப் போர்டுக்கு முன்னால நிறுத்துனேன்னு வையி. உச்சியில ஒத்தையா ஒரு பெரிய எழுத்து இருக்கும்ல, அதையே படிக்காது. நம்ம கண்ணை விட நூறு மடங்குக்கு மேல மங்கல் அது. பாவம்னு கண்ணாடி வாங்கிக் குடுத்துறாத, மாட்டுறதுக்கு மூக்கு இல்ல.

இவ்வளவு மங்குன கண்ணை வச்சுக்கிட்டு அது உன்னை ஏன் தெனமும் தோக்கடிக்குது? வேகம்டா. நீ உருவத்தைப் பாக்குற, அது நேரத்தைப் பாக்குது.

கோயில் திருவிழாவுல கம்போட ரெண்டு முனையிலயும் தீயைக் கட்டிச் சிலம்பம் சுத்துவாய்ங்க, பாத்திருப்ப. நமக்கு நெருப்பு வளையமாத் தெரியும். வளையம் எங்க இருக்கு? இருக்கிறது ரெண்டு துண்டுத் தீ. நம்ம கண்ணு மொத வெளிச்சத்தை உள்ள வாங்கி ஆற அமர அசைபோடுறதுக்குள்ள அடுத்தது வந்துருது. ரெண்டையும் சேத்து ஒட்டி, "வளையம்" னு கணக்கை முடிச்சிருது. நொடிக்கு அம்பது, அறுபது மினுக்கைத் தாண்டுச்சுன்னா நமக்கு எல்லாம் ஒரே வெளிச்சம்தான். இந்தச் சோம்பேறித்தனத்தை நம்பித்தான் சினிமாவே ஓடுச்சு. நம்ம மதுரை தங்கம் தியேட்டரு 1952 தீவாளிக்கு 'பராசக்தி'யோட தொறந்தப்ப, ரெண்டாயிரத்து ஐந்நூறு பேரு ஒண்ணா உக்காந்து வாயப் பொளந்து பாத்தாய்ங்களே, திரையில ஓடுனது என்ன? நொடிக்கு 24 நின்ன படம். புரொஜெக்டருக்குள்ள ஒரு தகடு சுத்தி ஒவ்வொரு படத்தையும் ரெண்டு தடவ காட்டி மறைக்கும். ஆக 48 வெளிச்சம், 48 இருட்டு. சனம் அழுதுச்சு, விசிலடிச்சுச்சு. தரை டிக்கெட்டுல முறுக்கு மேல உக்காந்திருந்த ஈக்கு மட்டும் பக்கம் பக்கமாப் பொரட்டுற போட்டோ ஆல்பம்தான் தெரிஞ்சிருக்கும். டிக்கெட்டு காசைத் திருப்பிக் கேட்டிருக்கும், வாய் இருந்தா.

போன மாசம் கடன் வாங்கி ஒரு போனு வாங்குனியே, "120 ஹெர்ட்ஸ் மாமா, வழுக்கிக்கிட்டுப் போகும்" னு பீத்துனியே. உன் கண்ணுக்குத்தான் வழுக்கும். ஈக்கு அதுவும் தவணையிலதான் வருது.

இப்ப உன் டியூப்லைட்டுக்கு வருவோம். நம்ம நாட்டுக் கரண்டு நொடிக்கு 50 தடவ அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். ஒரு ஆட்டத்துக்கு ரெண்டு உச்சம். அதனால பழைய சோக்கு வச்ச டியூப்லைட்டு நொடிக்கு 100 தடவ மங்கி மங்கி ஏறும். முழுசா அணையாது, உள்ள பூசுன பவுடரு கொஞ்சம் ஒளியைப் பிடிச்சு வச்சிருக்கும். ஆனா துடிப்பு இருக்கு. நம்ப மாட்டேல்ல? ராத்திரி கடையைச் சாத்துனப்புறம் அந்த லைட்டை மட்டும் எரிய விட்டு, பளபளன்னு இருக்க எவர்சில்வர் கரண்டியை இருட்டான சொவரைப் பாக்க வேகமா ஆட்டு. கரண்டி ஒண்ணு பலதாப் பிரிஞ்சு வரிவரியாத் தெரியும். குண்டு பல்புக்கு அடியில இதே வேலையைச் செஞ்சா இழுத்துப் பூசுன கோடுதான். அந்தக் கம்பி சூட்டுல செவந்து கெடக்கிறதால அதுக்கு அவ்வளவு சீக்கிரம் மங்க நேரம் இல்ல. கரண்டி ஆட்டுறப்ப வாசக் கதவைச் சாத்திக்க. போறவன் வர்றவன் பாத்தா பேய் பிடிச்சிருச்சுன்னு கோடாங்கியைக் கூட்டியாந்துருவான்.

மலிவு எல்.இ.டி. வாங்குனியே, அதுவும் லேசுப்பட்டதில்ல. நல்ல பல்புக்குள்ள கரண்டைச் சமப்படுத்துற சாமான் இருக்கும். தள்ளுவண்டியில கூறு கட்டி விக்கிறதுல அதை மிச்சம் பிடிச்சிருப்பாய்ங்க. போன் கேமராவை அதுக்கு நேரா நீட்டிப் பாரு, கறுப்பு வரி வரியா ஓடுச்சுன்னா துடிக்குதுன்னு அர்த்தம். உன் கண்ணுக்குத் தெரியலேங்கிறதால இல்லேன்னு ஆயிருமா? ஈக்குத் தெரியுது. நீ நிம்மதியா மாவு வீசுற வெளிச்சம் அதுக்கு நொடிக்கு நூறு தடவ நடுங்குது.

"ஈக்குத் தெரியுதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும், ஈ வந்து சொன்னுச்சா?" ன்னு கேக்காத. ஒரு வகையில சொன்னுச்சு. ஜெர்மனியில ஹான்ஸ்யோகிம் அவுட்ரும்னு ஒரு பேராசிரியர். 1950 வாக்குல பூச்சிக் கண்ணுல மெல்லிசான கம்பியைத் தொட வச்சு, விளக்கை மினுக்கி மினுக்கிக் காட்டி, கண்ணுக்குள்ள எழும்புற கரண்டை அளந்தாரு. மினுக்குக்கு ஒரு துள்ளல் வரும். வேகத்தைக் கூட்டிக்கிட்டே போனா ஒரு கட்டத்துல துள்ளலெல்லாம் ஒண்ணாக் கலந்து கோடாயிரும். அதுதான் அந்தக் கண்ணோட எல்லை. கறிக்கடையில நீலமா மினுமினுன்னு ஒரு ஈ வரும் பாரு, அந்தச் சாதி ஈக்கு நொடிக்கு 265 வரைக்கும் தனித்தனியா வந்துச்சு. நம்மளைப் போல நாலு மடங்குடா!

அவரு மேசையில அன்னைக்கு இன்னொரு பூச்சியும் இருந்துச்சு. குச்சிப்பூச்சி. பகல்ல காஞ்ச குச்சியாட்டம் ஆடாம அசையாம கெடந்து, ராத்திரியில எலை திங்கிற சீவன். அதுக்கு 40 வாக்குலயே எல்லாம் கலந்துருச்சு. உன் டியூப்லைட்டு, தங்கம் தியேட்டரு படம், ரெண்டுமே அதுக்கு நிலையான வெளிச்சம். வேகக் கண்ணு, மந்தக் கண்ணுன்னு பூச்சிகளை ரெண்டாப் பிரிச்சு அவுட்ரும் எழுதுனப்ப, வேகத்துக்கு சாட்சி ஈ, மந்தத்துக்கு சாட்சி இந்தக் குச்சி.

அந்த மந்தக் கண்ணுக்காரி எந்த ஊருன்னு நெனைக்கிற? நம்ம ஊருக்காரிடா! கொடைக்கானல் மலை ஏறுறப்ப செண்பகனூர் வருமே, பாதிரியாருக மியூசியம் இருக்குமே, அந்த ஊரு. அங்க இருந்து போன வம்சத்தை வச்சு பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக்காரரு ராபர்ட் தெ சினெத்தி 1901-ல இதுக்குப் பேரு வச்சாரு. பழைய ஏட்டுல ஊரு எதுன்னு பாத்தா, செண்பகனூர், மதுரை ஜில்லா. திண்டுக்கல்லு தனி மாவட்டமாப் பிரிஞ்சது 1985-லதானே, அது வரைக்கும் கொடைக்கானலு நம்ம கணக்குலதான் இருந்துச்சு. அன்னைக்குக் கப்பல் ஏறுனவ இன்னைக்கு ஐரோப்பா பூராவும் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் கண்ணாடித் தொட்டியில குடும்பம் நடத்துறா. குடும்பம்னா என்ன, ஆம்பளையே வேணாம். முட்டை போட்டா அது தானாப் பொரிக்கும், பொரிச்சதும் பொட்டை. ஆம்பளைப் பூச்சி தப்பித் தவறித்தான் பொறக்கும். வரதட்சணைப் பேச்சே இல்லாத வம்சம். உங்க அத்தைக்கிட்ட இதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம என்னையவே பாத்துச்சு.

ஜெர்மனியில பீலஃபெல்டு பல்கலைக்கழகத்துக்காரவய்ங்க இவ நடக்கிற நடையைப் படிச்சு ஆறு காலு ரோபோ செஞ்சிருக்காய்ங்க. கண்ணுல மந்தம்னாலும் காலுல கெட்டி. மதுரைக்காரி வெளிநாட்டுல பேரெடுத்தா நம்ம பேப்பர்ல படம் போடுவாய்ங்க. இவளுக்கு ஒரு பெட்டிச் செய்தி கூடக் கெடையாது.

தேனீயையும் கேட்டுப் பாத்திருக்காய்ங்க. பெங்களூருல படிச்சு, பொறகு ஆஸ்திரேலியாவுக்குப் போயிப் பேரெடுத்த ஸ்ரீநிவாசன்னு ஒரு விஞ்ஞானி. 2006-ல அந்த நாட்டுப் பிரதமரோட அறிவியல் பரிசு வாங்குனவரு. அவரும் மிரியம் லேரர்னு ஒரு அம்மாவும் 1980-கள்ல தேனீக்களுக்குச் சீனித்தண்ணி காட்டிப் பழக்குனாங்க. கம்பியெல்லாம் சொருகல, "சரியான பக்கம் வந்தா சீனி" ங்கிற பள்ளிக்கூடந்தான். நொடிக்கு 200 வாக்குல வரைக்கும் அதுகளால பிரிச்சு அறிய முடிஞ்சுச்சு. சீனித்தண்ணிக்குப் பாடம் படிக்கிறது தேனீ. நீ கோனைஸு குடுத்தும் எட்டாப்புல நின்ன.

ஈ கண்ணுக்கு இந்த வேகம் எங்கருந்து வருது? கண்ணுக்குள்ள வெளிச்சம் வாங்குற ஒவ்வொரு செல்லுலயும் மயிரிழையை விட மெல்லிசாக் குஞ்சம் குஞ்சமா முப்பதாயிரம் வாக்குல நீட்டிக்கிட்டு நிக்கும். பழ ஈயில எண்ணுன கணக்கு இது. ஒண்ணு மேல வெளிச்சத் துளி பட்டதும் அது தன் வேலையைச் செஞ்சுட்டு ஓஞ்சு போகும். அடுத்த துளிக்கு அடுத்தது தயாரா நிக்கும். ஒருத்தன் இளைப்பாறுறதுக்காக மத்தவன் காத்துக் கெடக்கிறதில்ல. 2012-ல கேம்பிரிட்ஜுல ரோஜர் ஹார்டியும் கிறிஸ்டியான் ஃப்ரான்ஸும் இன்னொரு வேடிக்கையைக் கண்டாங்க. வெளிச்சம் பட்ட ஒடனே அந்தக் குஞ்சம் நெசமாவே சுருங்குது. அந்த இழுப்புலதான் கரண்டு போற கதவு தொறக்கிறதாச் சொன்னாங்க. எல்லாம் சில மில்லி நொடியில முடிஞ்சுரும்.

அந்தக் கதவைப் பத்தி ஒரு கிளைக்கதை இருக்கு, உன் தொழிலுக்கு வேண்டியது. 1969-ல கண்ணு சரியில்லாத ஒரு பழ ஈயைப் பிடிச்சாய்ங்க. வெளிச்சம் போட்டா ஆரம்பத்துல பதில் சொல்லும், விளக்கு எரிஞ்சுக்கிட்டு இருக்கப்பவே பேச்சை நிறுத்திரும். என்ன கோளாறுன்னு தோண்டிக்கிட்டே போயி 1989-ல அந்தக் கதவோட மரபணுவைக் கண்டுபிடிச்சாய்ங்க. பொறகு பாத்தா அதே குடும்பத்துக் கதவுக மனுசன் ஒடம்பு பூராவும் இருக்கு. அதுல ஒண்ணுதான் மொளகா பட்டா எரியிதுன்னு நாக்குக்குச் சொல்றது. அதை 1997-ல கண்டு சொன்ன டேவிட் ஜூலியஸ் 2021-ல நோபல் பரிசு வாங்குனாரு. ஆக, உன் கடை சால்னாவைத் தின்னுட்டு "அய்யோ, தண்ணி" ன்னு கத்துறவனோட நாக்கும், அவன் எலையோரம் உக்காந்திருக்க ஈயோட கண்ணும் சொந்தக்காரங்க. மொளகாயைக் கொஞ்சம் கொறைடா.

வேகக் கண்ணு ஒசத்தி, மந்தக் கண்ணு மட்டம்னு முடிவு கட்டிறாத. அது உன் வயசுக்காரவய்ங்க புத்தி. வேகத்துக்குச் செலவு இருக்கு. ஈ சும்மா உக்காந்திருக்கப்பவும் அந்தக் கண்ணு ஒடம்போட தீனியில நல்ல பங்கைத் தின்னுக்கிட்டே இருக்கும். பட்டப்பகல்ல வெளிச்சம் கொட்டிக் கெடக்கு, ஈக்குக் கட்டுபடியாகுது. ராத்திரி எலை மேயிற குச்சிப்பூச்சிக்கு வர்றதே சொட்டு வெளிச்சம். அதை நொடிக்கு இருநூறு பங்கு போட்டா ஒரு பங்குல என்ன தேறும்? நேரம் எடுத்துச் சேத்துப் பாத்தாத்தான் எதுவும் தெரியும்.

ஒரு கருவண்டுத் தேனீ இருக்கு, பேருலயே தரங்கம்பாடியை வச்சுக்கிட்டு, சைலோகோப்பா டிராங்குபாரிகான்னு. ஹேமா சோமநாதனும் கூட்டாளிகளும் மகாராட்டிரத்துல பீமாசங்கர் காட்டுல அதைக் கவனிச்சு 2008-ல எழுதுனாங்க. நெலா இல்லாத கும்மிருட்டுல கூட அது பறந்து போயிப் பூ தேடுது. தேனீ வம்சத்துல அப்படி ஒரு தைரியசாலி வேற ஆளு கெடையாது. அமெரிக்காவுல புகையிலை அந்துப்பூச்சி ஒண்ணை வச்சு 2015-ல பாத்தாய்ங்க. இருட்ட இருட்ட அது தன் பார்வையை நிதானமாக்கிக்கிருது. ஆனாலும் காத்துல ஆடுற பூவோட ஆட்டத்துக்கு ஈடு குடுக்குற அளவுக்கு வேகத்தை மிச்சம் வச்சுக்கிருது. தேவைக்கு மேல வேகம் வச்சுக்கிறது கெடையாது. பைக்கு வாங்குறப்ப இதைக் கொஞ்சம் நெனைச்சிருந்தா உங்கப்பன் தோட்டம் இன்னும் உங்க பேருல இருந்திருக்கும்.

சரி, உன் ராத்திரிக் கஷ்டத்துக்கு வர்றேன். மழை பேஞ்ச மறுநா சால்னாச் சட்டியில ஈசல் கொட்டிருச்சுன்னு அழுதியாமே. எங்க காலத்துல ஈசல் வந்தா அது வருமானம். புத்துக்குப் பக்கத்துல விளக்கை வச்சு, கீழ அண்டாவுல தண்ணி வச்சுப் பிடிச்சு, வறுத்துப் பொரியரிசியோட தின்போம். நீ தலையில அடிச்சுக்கிற. ஒரு நாளு வாழ்க்கைன்னு ஈசலுக்கு எல்லாரும் பரிதாபப்படுறாய்ங்க. தப்பிச்சு மண்ணுக்குள்ள எறங்குன சோடி ராசா ராணியா வருசக்கணக்குல ஆளும். உன் சால்னாவுல விழுந்ததுக்குத்தான் ஒரு நாளு.

லைட்டு துடிக்கிறதாலதான் பூச்சி வருதோன்னு உனக்குச் சந்தேகம் வரும். துடிப்பு இல்லாத மண்ணெண்ணெய் விளக்குக்கும்தானே வந்துச்சு? வர்ற காரணம் வேற. 2024 சனவரியில சாமுவேல் ஃபேபியன், யஷ் சோந்தி இன்னுஞ் சில பேரு சேந்து எழுதுனாங்க. வேகமான கேமராவை வச்சு, லண்டன்ல லேப்புலயும் கோஸ்டாரிகாக் காட்டுலயும் படம் பிடிச்சிருக்காங்க. பூச்சி விளக்கைத் தேடி வரலையாம். முதுகை விளக்குப் பக்கம் திருப்புதாம். கோடிக்கணக்கான வருசமா ராத்திரியில வெளிச்சமான பக்கம்னா அது வானம். வானம் இருக்க பக்கம் முதுகு இருந்தா நேராப் பறக்கிறோம்னு அர்த்தம். நீ பக்கவாட்டுல ஒரு லைட்டைக் கட்டுன ஒடனே அதுக்கு எது வானம்னு கொழம்பிப் போகுது. சாஞ்சு சாஞ்சு அதையவே சுத்துது. லைட்டு கீழ இருந்து மேல அடிச்சா மல்லாந்து பொத்துன்னு விழுது. எல்லாப் பூச்சியும் ஏமாறல. அரளிச் செடியில வர்ற பருந்து அந்துப்பூச்சியும் பழ ஈயும் பெருசாக் கண்டுக்கல. மத்ததெல்லாம் வலையில விழுந்த கணக்குத்தான்.

துடிப்புக்கு ஒரு பங்கும் இல்லேன்னும் சொல்லல. 2014-ல இங்கிலாந்துல எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்துக்காரவய்ங்க எடுத்துச் சொன்னாய்ங்க. ராத்திரி விளக்குன்னா பிரகாசத்தையும் நெறத்தையும் மட்டும் பாக்காதீங்க, மினுக்கையும் கணக்குல சேருங்க, மனுசனுக்குத் தெரியாத மினுக்கு பல சீவனுக்குத் தெரியும்னு. நியாயமான பேச்சு. வெளக்கு வைக்கிறவன் கண்ணை மட்டுமே கேட்டு வெளக்கு செய்றது நம்ம வழக்கம்.

மேலூர்ப் பக்கம் பெரியாத்துத் தண்ணியில நெல்லு போட்டவய்ங்க வயக்காட்டுல விளக்குப் பொறி வைக்கிறாய்ங்களே, எதுக்கு? தண்டுத் துளைப்பான் அந்து வந்து மாட்டட்டும்னு. ஐயமிருந்தா உன் பக்கத்துலயே, யானைமலை இருக்க ஊருல, 1965-ல ஆரம்பிச்ச வேளாண்மைக் கல்லூரி இருக்கு, போயிக் கேளு. ஊரே மெனக்கெட்டு வயல்ல வைக்கிற பொறியை நீ சால்னாச் சட்டிக்கு மேல கட்டி வச்சிருக்க. வெள்ளை வெளேர்னு, வானத்தைப் பாக்க, மறைப்பில்லாம. ஈசல் வராம உங்க மாமனாரா வருவாரு?

அதனால சட்டிக்கு மேல இருக்கதைக் கழத்து. வாசலுக்குத் தள்ளி ஒரு லைட்டைக் கட்டு, மேல தொப்பி போட்டு வெளிச்சம் கீழ மட்டும் விழுகுறாப்ல. உள்ள மஞ்ச லைட்டு போடு. பூச்சிக் கண்ணுக்கு நீலமும் அதுக்கு அந்தாண்ட நமக்குத் தெரியாத ஊதாக் கடந்த வெளிச்சமும்தான் பிடிச்சது, மஞ்சள்ல வரத்து கொறையும். நீலக் குழாய் வச்ச ஈ கொல்லி மெசினு வாங்குனா அதை மாவு மேசைக்கு மேல மாட்டாத. சுட்டு வெடிக்கிற ஈ காலு தனி, றெக்கை தனியாப் பறந்து வந்து எங்க விழும்னு யோசி. கொத்துப் புரோட்டாவுல கறி கூடியிருக்குன்னு எவனாவது பாராட்டிறப் போறான்.

பிளாஸ்டிக் பையில தண்ணி கட்டித் தொங்க விட்டிருக்கியாம், ஈக்குக் கண்ணு கூசும்னு. எதுத்த கடையிலயும் தொங்குது. போன வாரம் அந்தப் பை மேலயே நாலு ஈ உக்காந்து காலைத் தேச்சுக்கிட்டு இருந்துச்சு. கூச்சப்பட்டதா எனக்குத் தெரியல.

அடிச்சே தீருவேன்னு நின்னா, முறையா அடி. கலிபோர்னியாவுல மைக்கேல் டிக்கின்சன், க்வினெத் கார்டுன்னு ரெண்டு பேரு 2008-ல பழ ஈயை மெதுவா ஓட்டுன படத்துல பாத்திருக்காங்க. ஓங்குன தட்டு எந்தப் பக்கமிருந்து வருதுன்னு அது கண்டுக்கிருது. பறக்குறதுக்கு முந்தியே காலை மாத்தி வச்சு, எதுத்த பக்கம் எகிறத் தயாராகிருது. நொடியில பத்துல ஒரு பங்குக்குள்ள இந்தத் திட்டம் முடிஞ்சிருது. உனக்கு கையைத் தூக்கணும்னு நெனைக்கவே அதுக்கு மேல ஆகுது. அதனால ஈ இருக்க எடத்தை அடிக்காத, அது எகிறப் போற எடத்தைக் கொஞ்சம் முன்ன தள்ளிக் குறி வையி. இல்லேன்னா அசையிறதே தெரியாம கையைக் கொண்டு போ. வேகமா வர்றதைப் பாக்கத்தான் அந்தக் கண்ணு. மெதுவா வர்றவன் அதுக்குக் கண்ணுலயே படுறதில்ல. பல்லியும் கும்பிடுபூச்சியும் அப்படித்தான் வயித்தைக் கழுவுது. உன்னால ஆகாது, நீ பொறக்கிறப்பவே அவசரம், எட்டு மாசத்துல வந்தவன்.

அதுக்குப் பதிலா ஒரு மேசை ஃபேனைச் சாப்புடுற எடத்தைப் பாக்க ஓட விடு. காத்துல ஈயால நிலைச்சுப் பறக்க முடியாது, கண்ணு எத்தனை வேகமா இருந்தா என்ன. புரோட்டாவை மூடி வையி. இதெல்லாம் வெறும் ஒப்பனைடா. ஈ பொறக்கிறது உன் விளக்கு வெளிச்சத்துல இல்ல, கடைக்குப் பின்னாடி தொறந்து கெடக்குதே எச்செலைத் தொட்டி, அதுல. நம்ம ஊரு வெயிலுக்கு முட்டை ஈயாகப் பத்து நாளு போதும். ஒரு பொட்டை ஈ ஒரே தடவையில நூறு முட்டைக்கு மேல போடும். நாளைக்குக் காலையில மொத வேலையா அந்தத் தொட்டிக்கு ஒரு மூடி வாங்கிப் போடு.